கரிப்புகையில் பஸ் ஓட்டிய டி.வி.சுந்தரம் ஐயங்கார்

திருச்சி மன்னார்புரத்துக்குப் பக்கத்தில் டி.வி.எஸ். டோல்கேட் இருக்கிறது. புதுக்கோட்டை, விமான நிலையம் பக்கம் போகிறவர்கள் எல்லாம் தாண்டிப் போகும் இடம். வாழைத்தார் ஏற்றிவரும் வேன்காரரும், காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுபோகும் விவசாயியும் தினம் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அதில் உள்ள மூன்று எழுத்து, திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் ஐயங்கார் என்ற மனிதருடையது. பெரிய பஸ் முதலாளி, பெரிய கம்பெனிக்காரர் என்றுதான் அவரைப் பலருக்கும் தெரியும். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் அடுப்புக்கரியை வைத்து இன்ஜினை ஓடவைத்தவர் என்பது பலருக்கு மறந்துபோய்விட்டது. இந்தப் பக்கத்தில் அவரைப் பற்றி எழுதக் காரணமே அதுதான். இன்றைக்கு மரம் அறுக்கும் பவர் சாவின் கார்புரேட்டரில் திருப்புளியை வைக்கிற ஒவ்வொருவரும், அன்று அவர் மல்லுக்கட்டிய அதே கணக்கோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

சுந்தரம் ஐயங்கார் 1877-ல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் திருக்குறுங்குடியில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர். நம்பி கோயிலும், நெல் வயலும், வாழைத் தோப்பும் உள்ள பூமி. அவருக்கும் இயந்திரத்துக்கும் சிறுவயதில் ஒரு தொடர்பும் இல்லை. முதலில் வக்கீல் தொழில், அப்புறம் ரயில்வேயில் வேலை, அதன் பிறகு வங்கியில் வேலை. மாதச் சம்பளம் தவறாமல் வரும் வேலையை விட்டுவிட்டுத் தொழிலுக்கு வந்தபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தார்.

1912 வாக்கில் மதுரையை மையமாக வைத்து அவர் பஸ் விட ஆரம்பித்தார். தஞ்சாவூர் - புதுக்கோட்டை தடம் அவருடைய தொடக்க காலத் தடங்களில் ஒன்று. அப்போது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னரின் சமஸ்தானம். ரயில் அந்த ஊருக்கு 1920-களின் கடைசியில்தான் வந்தது. அதுவரை மாட்டு வண்டியும் ஜட்கா வண்டியும்தான் கதி. புதுக்கோட்டைச் சீமையில் விளைந்த பொருள் தஞ்சாவூர் சந்தைக்குப் போக இரவெல்லாம் மாடு நடக்க வேண்டும். அந்தச் சாலையில் ஒரு மோட்டார் பஸ் சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்றால், கிராமத்தான் கண்ணுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காலத்து பஸ்ஸை ஓட்டுவது லேசான காரியம் இல்லை. முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெட்ரோல் தகர டின்னில் வரும். வழியில் தூசி போனால் கார்புரேட்டரின் ஜெட் அடைத்துக்கொள்ளும். உதிரிபாகம் வேண்டுமென்றால் கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே பஸ் முதலாளியாக இருந்தால் மட்டும் போதாது, பட்டறையும் உதிரிபாகக் கடையும் தன் கையிலேயே இருக்க வேண்டும் என்று சுந்தரம் ஐயங்கார் சீக்கிரமே புரிந்துகொண்டார். சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பஸ்ஸும் லாரியும் ஓடின. கூடவே பட்டறைகள், உதிரிபாக விற்பனை, வண்டி விற்பனை என்று தொழில் கிளை விட்டது. டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தில் மணி திருத்தினார்கள் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனால் பட்டறையைக் கையில் வைத்திருந்தவரால்தான் நேரத்தையும் கையில் வைத்திருக்க முடிந்தது.

பெட்ரோல் நின்றது

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, எதிரி கையில் கிடைக்கக்கூடாது என்று பிரிட்டிஷ்காரர்களே ஏனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளை அழித்தார்கள். நமக்கு மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வந்துகொண்டிருந்த வழி அது. கிடைத்த பெட்ரோலும் ராணுவத்துக்கே முதலில் போனது.

பஸ் நின்றால் டவுனுக்குப் போகிறவர்களுக்குச் சிரமம். லாரி நின்றால் விவசாயிக்கு நஷ்டம். நெல் மூட்டை பத்து நாள் காத்திருக்கும். வாழைத்தாரும் வெற்றிலைக் கட்டும் காத்திருக்காது. மதராஸ் மாகாணம் முழுக்க இந்த நெருக்கடி இருந்தபோதுதான் சுந்தரம் ஐயங்கார் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கரிவாயுக் கலனை வடிவமைத்துத் தயாரித்தார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

கரிவாயு என்ற யோசனை உலகத்துக்குப் புதிது இல்லை. பிரான்சில் ஜார்ஜ் இம்பெர்ட் என்பவர் 1920-களிலேயே விறகு வாயுக் கலனைச் செய்திருந்தார். போர்க் காலத்தில் ஜெர்மனியிலும் சுவீடனிலும் லட்சக்கணக்கான வண்டிகள் இப்படித்தான் ஓடின. ஆனால் ஐரோப்பாவிலிருந்து கலனை இறக்குமதி செய்ய நம்மால் முடியாது. கப்பலே வராத காலம். இங்கே கிடைக்கிற தகட்டையும் குழாயையும் வைத்து, இங்கே கிடைக்கிற கரிக்கு ஏற்றபடி செய்தாக வேண்டியிருந்தது.

வயதானவர்களைக் கேட்டால் கரி பஸ் என்று சொல்வார்கள். பஸ்ஸின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை தொங்கும். அதன் மேல் வாயைத் திறந்து கரியைக் கொட்டுவார்கள். கிளீனர் பையன் கைப்பிடியைச் சுற்றி ஊதுகாற்று அனுப்பி நெருப்பு மூட்டுவான். வாயு நன்றாகக் கிளம்பக் கால் மணி நேரம் வரை ஆகும். அதற்குள் பயணிகள் இறங்கி டீ குடித்துவிட்டே வந்துவிடலாம்.

உள்ளே நடப்பது இதுதான். கரி முழுக்க எரியத் தேவையான காற்றை விடாமல், அளவோடு காற்று விட வேண்டும். அடியில் எரியும் கரியிலிருந்து கிளம்பும் கரியமில வாயு, மேலே கனன்றுகொண்டிருக்கும் கரி வழியே போகும்போது கார்பன் மோனாக்சைடாக மாறும். இது தீப்பிடிக்கும் வாயு. கரியில் உள்ள ஈரத்திலிருந்து கொஞ்சம் ஹைட்ரஜனும் வரும். ஆனால் உள்ளே போன காற்றில் இருந்த நைட்ரஜன் எதற்கும் உதவாமல் அப்படியே கூட வரும். வெளியே வரும் வாயுவில் பாதிக்கு மேல் அந்த நைட்ரஜன்தான்.

இன்ஜினே தன் இழுப்பால் இந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு முன் வாயுவைக் குளிர்விக்க வேண்டும், சாம்பல் தூசியை வடிகட்ட வேண்டும். வடிகட்டாமல் விட்டால் சிலிண்டர் சுவரைச் சாணைக்கல்லில் தேய்த்த மாதிரி தேய்த்துவிடும். பச்சை விறகைப் போட்டால் தார் கிளம்பி வால்வில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் விறகை விட்டுக் கரியைப் பிடித்தார்கள். நன்றாக வெந்த, ஈரமில்லாத, சாம்பல் குறைந்த கெட்டிக் கரி வேண்டும். கருவேலங்கரிக்கும் சவுக்குக் கரிக்கும் மதிப்பு கூடிய காலம் அது. மரத்துக்கு அது நல்ல காலம் அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாதி பலத்தில் ஓடிய வண்டி

இனி கணக்குக்கு வருவோம். பெட்ரோல் இன்ஜினில் ஒரு கிலோ பெட்ரோல் முழுக்க எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். சிலிண்டருக்குள் போகும் கலவையைக் கன அளவில் பார்த்தால், நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகத்தான் பெட்ரோல் ஆவி. மீதி எல்லாம் காற்று. கரிவாயுவில் அப்படி இல்லை. ஒரு பங்கு வாயுவுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு காற்று. பெட்ரோலுக்காகச் செய்த கார்புரேட்டரின் ஊசித்துளை ஜெட் இதற்குப் பயன்படாது. தனியே ஒரு கலவை வால்வு வைத்து, வாயுவுக்கும் காற்றுக்கும் சமமான வழி விட வேண்டும்.

சிலிண்டரில் பாதி இடத்தை வாயு பிடித்துக்கொள்கிறது. அந்த வாயுவிலும் பாதிக்கு மேல் உதவாத நைட்ரஜன். ஆக ஒரு கன மீட்டர் பெட்ரோல் கலவையில் 3.8 மெகாஜூல் சக்தி இருந்தால், கரிவாயுக் கலவையில் 2.5 மெகாஜூல்தான் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. வாயு சூடாகப் போனாலோ, வடிகட்டி அடைத்துக்கொண்டாலோ இன்னும் குறையும். கடைசியில் வண்டி பாதி பலத்தில் ஓடும். மேட்டில் பயணிகளை இறக்கிவிட்டுத் தள்ளச் சொன்ன கதைகள் எல்லாம் அதனால் வந்தவைதான்.

இழந்த பலத்தைக் கொஞ்சமாவது மீட்க அந்தக் காலத்து மெக்கானிக்குகளுக்கு மூன்று நான்கு வழிகள் தெரிந்திருந்தன. கரிவாயு மெதுவாக எரியும் என்பதால் பிளக் பொறி விடும் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார்கள். கம்ப்ரஷனைக் கூட்டினார்கள். வாயுவை நன்றாகக் குளிர்வித்து அடர்த்தியாக உள்ளே விட்டார்கள். எல்லாவற்றையும் விட முக்கியமாக, குழாய் இணைப்பு ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துக் காற்றுக் கசிவை அடைத்தார்கள். இழுப்புப் பக்கத்தில் ஒரு சிறு ஓட்டை இருந்தால் போதும், கலவை கெட்டு வண்டி படுத்துவிடும்.

ஆபத்தும் இருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மூடிய கொட்டகைக்குள் கலனை மூட்டினால் தலை சுற்றி விழுந்தவர் எழுந்திருக்கமாட்டார். சாம்பலைக் கொட்டும் இடத்தில் வைக்கோல் போர் இருந்தால் கேட்கவே வேண்டாம். இன்றும் பம்ப் கொட்டகைக் கதவை மூடிக்கொண்டு டீசல் இன்ஜினையோ பெட்ரோல் இன்ஜினையோ ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் இன்ஜினில் அதே வாயுதான் புகையோடு வருகிறது. விரிவாக்கப் பணியாளர்கள் ஊருக்குப் போகும்போது இதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம்.

பவர் சா கார்புரேட்டருக்கு இதே கணக்கு

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னையைச் சாய்த்த பிறகு பவர் சா ஊருக்கு ஊர் வந்துவிட்டது. இன்று சவுக்கு வெட்டவும் சீமைக்கருவேலம் அகற்றவும் அது இல்லாமல் முடியாது. வேகம் போதவில்லை என்று கார்புரேட்டர் ஜெட்டைப் பெரிதாக்குவதும், திருகின் மேல் உள்ள பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றிவிட்டு முறுக்குவதும், சைலன்சரில் ஓட்டை போடுவதும் பட்டறைகளில் நடக்கிறது. செய்கிறவர்களில் கைத்தேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் கரி பஸ்ஸில் கலவை கெட்டால் வண்டி நின்றதோடு போயிற்று. பவர் சாவில் பிஸ்டன் போய்விடும்.

காரணம், அது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். ஆயில் தனியாகக் கிடையாது, பெட்ரோலோடு கலந்தே வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்து குறையும். கலவை வறண்டுபோகும்போது இன்ஜின் கத்திக்கொண்டு வேகமாகச் சுற்றும். ஆகா, நன்றாகப் போகிறதே என்று தோன்றும். சில நிமிடத்தில் பிஸ்டன் சூடாகிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்.

மிதவை வைத்த பழைய கார்புரேட்டரைச் சாய்த்தால் பெட்ரோல் வழிந்துவிடும். ரப்பர் போன்ற சவ்வு வைத்த கார்புரேட்டர் 1950-களில் பரவிய பிறகுதான் பவர் சாவை எந்தப் பக்கம் சாய்த்தும் அறுக்க முடிந்தது. அதில் எல், எச் என்று இரண்டு திருகு இருக்கும். எல் மெது ஓட்டத்துக்கு, எச் முழு வேகத்துக்கு. ஐட்லிங்குக்குத் தனித் திருகு. வலப்பக்கம் திருகினால் பெட்ரோல் குறையும், இடப்பக்கம் திருகினால் கூடும். எத்தனை சுற்று என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் உள்ளதே தொடக்க அளவு.

திருகைத் தொடுவதற்கு முன் ஏர் பில்டரைச் சுத்தம் செய்யுங்கள். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பில்டர், பிளக், சைலன்சர் வலை எல்லாவற்றையும் பாருங்கள். செயின் கூர் மழுங்கியிருந்தாலும் பலம் இல்லாத மாதிரிதான் தோன்றும். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பரில் வெடிப்பு இருந்தால் எந்தத் திருகும் வேலை செய்யாது. கரி பஸ்ஸின் குழாய்க் கசிவும் இதுவும் ஒன்றுதான். பிறகு இன்ஜினைச் சூடாக்கி, மரத்தில் வைக்காமல் முழு வேகத்தில் ஒரு நொடி விட்டுக் கேளுங்கள். சத்தம் கொஞ்சம் கரகரப்பாகத் தட்டி, மரத்தில் வைத்ததும் சீராக வேண்டும். வெறுமனே ஓடும்போதே சீட்டி அடிக்கிற மாதிரி கூர்மையாகப் போனால் எச் திருகை இடப்பக்கம் கொஞ்சம் விடுங்கள். ஆர்.பி.எம். மீட்டர் உள்ள பட்டறையில் செய்தால் இன்னும் நல்லது.

இப்போது பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய திருகு அளவில் கலவை தானாகவே கொஞ்சம் வறண்டுவிடும். ஈரத்தையும் இழுக்கும், பழைய மாடல்களின் சவ்வையும் கெடுக்கும். ஆகவே கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். வேலை முடிந்து நாள்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானே அணையும்வரை ஓட்டிவிடுங்கள். கம்பெனி 50-க்கு 1 என்று சொன்னால் லிட்டருக்கு 20 மி.லி. ஆயில், 25-க்கு 1 என்றால் 40 மி.லி. கண்ணளவு இதற்கு ஆகாது.

வீட்டுக்குள்ளே ஒரு கதை

போர்க் காலத்தில் மலேயாவும் ஜப்பான் கைக்குப் போனதால் ரப்பருக்கும் பஞ்சம் வந்தது. சுந்தரம் ஐயங்கார் தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை ஒட்டும் தொழிற்சாலையையும் ஆரம்பித்தார். போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் கரிக்கலன்களைக் கழற்றிப் போட்டார்கள். யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. டயர் தொழில் மட்டும் நின்றது. மதராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று வேறு நிறுவனங்களும் வளர்ந்தன. 1950-களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை இந்தியாவில் அதிகம் விற்றது சுந்தரம் மோட்டார்ஸ்தான்.

இவருடைய மகள் சௌந்தரம் அம்மாளை விரிவாக்கப் பணியில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கியவர். சிறுவயதில் திருமணம், 1925-ல் கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்து வைணவக் குடும்பத்தில் கைம்பெண் என்றால் மூலையில் உட்கார வேண்டியதுதான். ஆனால் பெற்றோர் மகளை டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரிக்குப் படிக்க அனுப்பினார்கள். 1936-ல் டாக்டராகத் திரும்பினார். அதே மகள் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொள்ள விரும்பியபோது பெற்றோருக்குச் சம்மதம் இல்லை. ஓராண்டு பொறுத்திருக்கும்படி காந்தி சொல்ல, 1940-ல் சேவாகிராமத்தில் காந்தி முன்னிலையில் திருமணம் நடந்தது. புது இயந்திரம், புதுத் தொழில் என்று எதற்கும் தயங்காத மனிதர், வீட்டு விஷயத்தில் பாதி தூரம் வந்து நின்றுவிட்டார். அவரைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தத் தலைமுறையில் பாதி தூரம் வந்தவர்களே குறைவு.

பிறகு தொழிலை மகன்கள் கையில் ஒப்படைத்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். 1955 ஏப்ரல் 28-ம் தேதி அதிகாலை கொடைக்கானல் வீட்டில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 78.

1972-ல் பஸ்கள் அரசுடைமை ஆனபோது டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்கள் ஆயின. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. பால் கேனும் புல்லுக்கட்டும் உரமூட்டையும் ஏற்றிக்கொண்டு வரப்பு வரை போன அந்த வண்டியிலும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின், பெட்ரோலோடு ஆயில், சின்னதாக ஒரு கார்புரேட்டர். கரிவாயுவும் முழுக்கப் போய்விடவில்லை. 1980-களின் பிற்பகுதியில் பம்ப்செட்டுகளுக்குச் சிறிய மரவாயுக் கலன்களை மத்திய அரசு மானியத்தில் கொடுத்துப் பார்த்தது. டீசல் இன்ஜினில் முக்கால் பங்கு வரை டீசலை அதனால் மிச்சப்படுத்த முடியும். ஆனால் தினமும் விறகைத் துண்டாக்கி, காயவைத்து, சாம்பல் அள்ளி, வடிகட்டி கழுவ வேண்டும். டீசல் கிடைக்கிற வரை அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. சுந்தரம் ஐயங்காரின் பட்டறையில் அந்த வேலைக்கென்றே ஆள் இருந்தது, கடையில் பெட்ரோல் இல்லை.